ரெக்சின் ஜாக்கெட் வில்லன்

ஒரே ஒரு நாளாவது ரவுடியாக இருந்து பார்க்க வேண்டும் என்பது பஞ்சாட்சரத்தின் ஆசை. ஐம்பத்து மூன்று வயது, நெற்றி நிறைய விபூதி, பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமாகப் பட்டுப்புடவை நெய்கிறார். குறுக்கே கோழி போனால்கூட நின்று வழிவிடுகிற ஆள். கூத்தைப் பாருங்கள்!

நான் பக்கத்து வீட்டு ஆனந்தகுமார். தறிச் சத்தத்தையும் மீறி அவர் போனிலிருந்து வரும் டமால் டுமீலில் எனக்குப் பாதிக் காது போய்விட்டது. எல்லாம் தமிழில் டப்பிங் செய்த வெள்ளைக்கார பைக் ரவுடிப் படங்கள். தரித்திரம் பிடித்த படங்கள்! இருப்பது நாலே நாலு பைக். அதையே சுற்றிச் சுற்றி ஓட்டிப் புழுதி கிளப்பி, நாற்பது பைக் என்று நம்மை நம்பச் சொல்வார்கள். பெட்ரோல் பங்க் வெடிக்கும், புகை மட்டும்தான் தெரியும்.

"இதுல இன்னாதான்யா இருக்குது?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"நல்லா பாருப்பா. ஒருத்தனாவது யார்கிட்டயாவது 'சரிங்க'ன்றானா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் நெய்வது கோதண்டபாணி முதலாளிக்கு. இவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் 'வாடா பஞ்சு, போடா பஞ்சு'தான். நெய்த புடவையை விரித்துப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, 'சரிங்க மொதலாளி' என்று நிற்பார். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

பஞ்சாட்சரத்தின் மகள் அனு கல்லூரியில் சினிமா படிக்கிறாள். பரீட்சைக்குக் குறும்படம் எடுக்க வேண்டும் என்றதும் இவர் பிடித்துக்கொண்டார். "பைக் ரவுடி படம் எடும்மா. வில்லன் நான்தான்."

அமாவாசைக்கு நெசவாளிகள் நாங்கள் யாரும் தறியில் உட்கார மாட்டோம் என்பதால் அன்றைக்குப் படப்பிடிப்பு. ரவுடிக் கும்பல் என்பது மூன்று மொபெட். எல்லாருக்கும் சீட் கவர் கடையில் தைத்த ரெக்சின் ஜாக்கெட்; அதற்குள் நான் வெந்துபோனேன். வில்லனுக்கு மட்டும் நிஜ புல்லட். அது கோதண்டபாணியுடையது. இரவல் கொடுத்ததற்குப் பதிலாக அவருக்குப் படத்தில் நல்ல முதலாளி வேஷம் வேண்டுமாம். கொழுப்பு!

காலையில் திருப்பருத்திக்குன்றம் பக்கம் போய்ப் புழுதி கிளப்பினோம். மதியம் பஞ்சாட்சரம் வீட்டில் முக்கியமான காட்சி. வில்லன் உள்ளே புகுந்து தறியை உதைக்க வேண்டும். உதைத்தார். உடனே குனிந்து தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கட்! நைனா, ரவுடி எங்கனா கும்புடுவானா?"

"தன்னால கை போயிடுதும்மா."

ஆறு தடவை எடுத்தாள். ஆறு தடவையும் கை கண்ணுக்குப் போனது. ஏழாவது தடவை கால் தறிப்பக்கமே எழும்பவில்லை.

"தெனம் காலால மிதிச்சிக்கினுதானே நெய்யற நைனா?"

"மிதிக்கறது வேலைம்மா. ஒதைக்கறது வேற." ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார். "வுட்டுடும்மா. கெட்டவனா இருக்க எனக்கு வராது."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று கோதண்டபாணி எழுந்தார். "ஜாக்கெட்ட இப்டி குட்றா பஞ்சு. நானே வில்லனா நடிச்சிக்கறேன்."

பஞ்சாட்சரம் ஜாக்கெட்டைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். பாவி மனுஷன், இதற்கும் 'சரிங்க'தானா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அனு அப்பாவைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள்.

"வேணாம் மொதலாளி, சீனை மாத்திடறேன். தறிய ஒதைக்க வரான் வில்லன். நீங்க குறுக்க வந்து தடுக்கறீங்க. அவன் உங்கள ஒதைக்கறான். நைனா, சும்மா கால் பட்டா போதும்."

நல்லவருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? முதலாளி தலையை வாரிக்கொண்டு, கேமராவுக்கு முகத்தைக் காட்டியபடி தறிமுன் நின்றார்.

"ஆக்ஷன்!"

கால் பட்டால் போதும் என்றுதான் சொன்னாள். சுருட்டி வைத்திருந்த பாய் தலையணைமேல் முதலாளி மல்லாந்து கிடந்தார். பஞ்சாட்சரம் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கட்! ஓகே நைனா, சூப்பர்!"

பஞ்சாட்சரம் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார்.

"எனக்குத் திருப்தியா இல்லம்மா. இன்னொரு தபா போலாம்" என்றார்.