விழாமல் வாகரை போய்வர: மோட்டார் சைக்கிளில் எண்பது மைல்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்கு மோட்டார் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது இந்த ஆவணி மாதம். எனக்கு வயது அறுபத்தொன்று. கடைசியாக ஓட்டியது நாற்பத்துமூன்று வயதில். அப்போது நில அளவைத் துரை ஒருவரிடம் சங்கிலி பிடிக்கிறவனாக இருந்தேன். காட்டுக்குள் அவருடைய கடிதங்களை அவருடைய வண்டியிலேயே கொண்டு ஓடுவேன். ஒருநாள் குளக்கட்டிலிருந்து உருண்டு இடது கணுக்கால் முறிந்தது. அத்தோடு ஓட்டம் நின்றது, ஆசை நிற்கவில்லை. இந்த வருடம் ஊருக்குக் கப்பலேறிய தோட்டத் துரை ஒருவரின் பழைய வண்டி விலைக்கு வந்தது. யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து நான்தான் பூரணத்தின் வீட்டுக்கு வந்தவன். முப்பத்தாறு வருடமாகியும் வீட்டு வளவுக்குள் ஒரு பொருள் நிற்பதா இல்லையா என்று சொல்கிற வாய் அவளுடையது. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

“நிக்கட்டும். ஆனா ஒருக்கா விழுந்தாலும் இது இந்த வளவுக்குள்ள நிக்கப்படா.”

“அப்ப நான்?”

“அத மறுகா யோசிப்பம்.”

நான் விழுந்தால் சொல்லமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே சாட்சிக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்தாள். ஏறாவூரில் துணி விற்கும் உதுமாலெப்பை, என் இளமைக்காலத்துக் கூட்டாளி. துணி அளக்கும்போது முழத்துக்கு இரண்டு விரல் கூட விடுவான், பொய் மட்டும் ஒரு விரலும் வராது. அப்படிப்பட்டவனோடு நாற்பது வருடம் பழகியும் நான் திருந்தவில்லை.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். உதைத்துக் கிளப்ப ஏழு உதை தேவைப்பட்டது, நான்காவதில் முழங்கால் முறையிட்டது. தன்னாமுனை தாண்டும்போது வாவி இன்னும் வெளுக்கவில்லை. வலைக்காரர்களின் விளக்குகள் மட்டும் தண்ணீரில் நின்றன. சரளைக்கல் பரப்பிய கிறவல் தெரு, இருபது மைல் வேகம். ஒன்பதாவது மைலில் ஏறாவூர். உதுமாலெப்பை சாரத்தை மடித்துக்கட்டி, தொப்பி பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு துவாயைச் சுற்றிக் காத்திருந்தான்.

“பிள்ளைப் பெத்தவள் மாதிரி நிக்கிறாய்,” என்றேன்.

“நீ ஓட்டுறதப் பார்த்தா எனக்குத்தான் நோகப் போகுது மச்சான். ஒள்ளம் மெதுவாப் போ.”

மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் அவன் என் இடுப்பைப் பிடித்த பிடியில் காலைச் சாப்பாடு நெஞ்சுக்கு வந்தது.

ஓட்டமாவடிப் பாலம் இருபதாவது மைல். ரயிலும் தெருவும் ஒரே பாலத்தில் போகின்றன, ஆகவே முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். வாழைச்சேனைக்கு அப்பால் தெரு என்று ஒன்றில்லை. மணலில் மாட்டுவண்டி கீறிய இரண்டு கோடுகள், அவ்வளவுதான். இங்கே இறங்கி இரண்டு டயரிலும் அரைவாசிக் காற்றைத் திறந்துவிடுங்கள். சில்லைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். வண்டி பாம்புபோல் நெளியும், நெளியட்டும். பிரேக்கைத் தொட்டால் மண்ணைக் கவ்வுவீர்கள். இதையெல்லாம் என் தலை மறந்திருந்தது, கை மறக்கவில்லை. முதல் அரை மைல் பயத்தில் போனது. பிறகு பதினெட்டு வருடம் எங்கோ உதிர்ந்துபோனது. நான் பாடினேன் என்று உதுமாலெப்பை சொல்கிறான். எனக்கு நினைவில்லை.

மாங்கேணியைத் தாண்டி ஒரு வளைவில் அவன் என் தோளில் அடித்தான். நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். காட்டிலிருந்து யானைகள் வாவிப் பக்கம் கடந்துகொண்டிருந்தன. எங்களுக்கும் அவற்றுக்கும் ஐம்பது யார் தூரம் இருக்கும். பதினொன்று எண்ணினேன், பன்னிரண்டாவது தாயின் வயிற்றுக்குக் கீழே நடந்த குட்டி. அத்தனை பெரிய உடம்புகள் போகின்றன, மணலில் ஒரு சத்தம் கிடையாது. காய்ந்த எஞ்சின் டிக் டிக் என்று ஆறுகிற சத்தம்தான் காட்டிலேயே பெரிய சத்தமாக இருந்தது. கடைசியாக வந்த கிழட்டுப் பெண்யானை நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் யானைக்குப் பொருட்டில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கண் நிறைந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். உதுமாலெப்பை ஓதிக்கொண்டே இருந்தான். இருபத்தைந்து நிமிடம் அசையாமல் நின்றோம்.

பனிச்சங்கேணியில் இரண்டு வள்ளத்தின்மேல் பலகை அடித்த, பாதை என்கிற மிதவையில் வண்டியை ஏற்றி அக்கரை சேரவேண்டும். வண்டிக்கு இருபது சதம், ஆளுக்கு இரண்டு சதம். பாதைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பெரியவர், ஓட்டுறத்துக்கு மகன்மார் இல்லியா?”

“இரிக்கானுகள். பயந்தவனுகள்.”

“பின்னுக்கு இரிக்கிறவர்?”

“அவர் நீதவான். விழுறனா எண்டு பார்க்க வாறார்.”

“அப்ப இன்னம் விழல்ல,” என்றார் பாதைக்காரர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பத்தரைக்கு வாகரை. கடலோரக் குடிசையில் ஒரு மீன்காரக் குடும்பம் சோறும் சூடைமீன் குழம்பும் தந்தது. காசு வாங்க மறுத்தார்கள். கைவசம் கொஞ்சம் புகையிலை கொண்டுபோனால் நல்லது. பதினொன்றரைக்குத் திரும்பினோம்.

வழியில் இரண்டு இடத்தில் தள்ளவேண்டி வந்ததால் ஓட்டமாவடிக்கு வரும்போது மணி மூன்றரை. உதுமாலெப்பை அசர் தொழவும் அங்கே கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கவும் இறங்கினான். ஒரு மணித்தியாலம் என்றான். பாசிக்குடா நாலு மைல். நான் வண்டியை அந்தப் பக்கம் கிறுக்கிவிட்டேன்.

அங்கே கடலுக்கு அலையில்லை. கால் மைல் தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஈரமணல் சிமெந்து போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. ஓர் ஆள் இல்லை. தண்ணீரின் விளிம்போடு ஓட்டினேன், முப்பது, முப்பத்தைந்து, நாற்பது மைல் வேகம். வலப்பக்கம் கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. தூரத்தைப் பார் என்று உங்களுக்குச் சொன்னேனே, நான் அந்தத் தூரத்தைத் தேடினேன், அது இல்லை. ஓடை கடலில் விழும் இடத்தில் மணல் இளகியிருந்தது. முன்சில்லு நின்றது, நான் நிற்கவில்லை.

முழங்கால் தண்ணீரில் மல்லாக்கக் கிடந்தேன். எதுவும் முறியவில்லை. நூல்போல மெல்லிய மீன்குஞ்சுகள் என் விரல்களுக்கிடையில் புகுந்து வந்தன. காதுக்குள் கடல், கண்ணுக்குள் வானம். எழும்ப வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. எத்தனை நேரம் என்று சொல்லமுடியாது. பிறகுதான் பூரணத்தின் வளவு ஞாபகம் வந்தது.

ஓட்டமாவடியில் உதுமாலெப்பை என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

“என்ன மச்சான், நனைஞ்சிரிக்கி?”

“கடல்ல குளிச்சன்.”

“உடுப்போடயா?”

“உன்ட மானத்த நினைச்சுக் கழட்டல்ல.”

அவன் சிரித்தான். நான் எதைச் சொன்னாலும் பகிடி என்று எடுத்துக்கொள்கிறவன். என் வாழ்நாளில் அவ்வளவு சுலபமாக ஒரு பொய் போனதில்லை. பத்து மைல் வரை எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏறாவூரில் அவன் இறங்கவில்லை. சாட்சி சொல்லிவிட்டு பஸ்ஸில் திரும்புவதாகத்தான் பேச்சு. அதிலிருந்து என் இடுப்பில் இருந்த அவன் கைகள் கனக்கத் தொடங்கின.

ஆறரைக்கு வீடு. பூரணம் என்னைக் கேட்கவில்லை, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அவனைக் கேட்டாள்.

“காக்கா, விழுந்தாரா?”

உதுமாலெப்பை துவாயை அவிழ்த்தான், தொப்பியைச் சரிசெய்தான், நெஞ்சில் கை வைத்தான். “படைச்சவன் சாட்சியா செல்றன் தங்கச்சி...”

“விழுந்தன்,” என்றேன் நான். “பாசிக்குடாவில. இவன் காணல்ல.”

உதுமாலெப்பையின் கை நெஞ்சிலேயே இருந்தது.

“என்னக் கொண்டு பொய்ச்சத்தியம் செய்யவைக்கப் பார்த்தியேடா,” என்றான். அந்த ‘டா’வில் பகிடி இல்லை.

பூரணம் என் காலைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், அப்புறம் வண்டியைப் பார்த்தாள். “விடிஞ்சாப்போல அது போகணும்,” என்றாள். போனது.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். ஆவணி, புரட்டாதி விட்டால் மழை தொடங்கிவிடும், அந்தப் பக்கம் போகவேண்டாம். இரண்டு கலன் பெற்றோல், காற்றடிக்கும் பம்ப், ஒட்டுப்போடும் சாமான் கட்டாயம். யானை நின்றால் எஞ்சினை அணையுங்கள். பாசிக்குடாவில் ஓடைக்கு நூறு யார் முன்னமே நிறுத்துங்கள். கூட்டாளியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஏறாவூரிலிருந்து தொடங்குவதே நல்லது, நானும் இப்போது அப்படித்தான். முதல் ஒன்பது மைலை ரயிலில் போகிறேன். வண்டி உதுமாலெப்பையின் கடைக்குப் பின்னால் நிற்கிறது. பதினைந்து நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, நிறுத்த இடம் தந்தவன் அவன்தான். பின்னால் ஏறுவதை மட்டும் விட்டுவிட்டான்.

போன கிழமை நான் ஸ்டேசனுக்குப் புறப்பட்டபோது பூரணம் படலைவரை வந்தாள். பாசிக்குடாவில் கிடந்ததை அவளுக்கு நாலைந்து தரம் சொல்லியிருக்கிறேன், மீன்குஞ்சுகளை மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

“இஞ்சருங்க,” என்றாள். “இந்தமுறையும் விழுந்தா, உடன எழும்பாதீங்க. என்ன தெரியுதெண்டு வடிவாப் பார்த்து வந்து சொல்லுங்க.”