வாயில் முப்பத்து நாலு, கொப்பியில் முப்பத்தெட்டு

"கையைத் தூக்குங்கோ. மூச்சைப் பிடிக்காதைங்கோ, பிறகு சாப்பிட்ட உடன கொளுக்கி பறக்கும்." குணேஸ்வரியக்கா அளவு நாடாவை மார்பைச் சுற்றி இழுக்கிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை. "முப்பத்து நாலு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறார். பிறகு கொண்டையில் செருகிய பென்சிலை உருவி, கொப்பியில் முப்பத்தெட்டு என்று எழுதுகிறார்.

உட்துறைமுக வீதியில் உள்ள அவருடைய தையல் கடையில் இருபத்தாறு வருடமாக இதுதான் நடக்கிறது. சொன்ன அளவைக் கேட்டுக்கொண்டு பெண்கள் நிமிர்ந்து வெளியே போவார்கள். எழுதிய அளவுக்குச் சாறிச் சட்டை வெட்டுப்படும். சட்டை கச்சிதமாக இருப்பதால் யாரும் நாடாவைத் திரும்பப் பார்ப்பதில்லை. கொப்பியையும் பார்க்க ஏலாது. அது மெசினுக்கு முன்னால் உள்ள கதிரையில், மெத்தைக்கு அடியில் கிடக்கும். மெத்தைக்கு மேலே அக்கா இருப்பார்.

கடையில் உள்ள நிலைக்கண்ணாடி தோள்வரைக்கும்தான் காட்டும். அதற்குக் கீழே பாதரசம் போய்விட்டது. மாற்றச் சொன்னால், "தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?" என்பார். பின்னேரம் கடற்கரைப் பக்கமிருந்து, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வந்து வாசலில் நின்று வெட்டுத்துண்டை மெல்லும். "சீ, விடு. அது டீச்சர்ர பட்டு, உனக்குச் சமிக்காது" என்று அதட்டிவிட்டு, பருத்தித் துண்டாகப் பார்த்துப் போடுவார். மானுக்கும் அவரிடம் அளவு இருக்கிறது போலும்.

கொப்பியில் ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம். பெயர் எழுத மாட்டார், யாராவது வாசித்துவிடுவார்களாம். பெயருக்குப் பதிலாக அந்தச் சட்டைத் துணியில் ஒரு நகத்தளவு துண்டைக் குண்டூசியால் குத்தி வைப்பார். கலியாணச் சட்டைக்கு முதல் வரி. வயிற்றில் பிள்ளை என்றால் அடுத்த வரி. பால் கொடுக்கும் காலத்துக்கு முன்கொளுக்கி வைத்து இன்னொரு வரி. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வருபவளுக்குப் பெரும்பாலும் புதிய நாடாவே வேண்டும்.

"பிள்ளை பெத்தா பொம்பிளைக்கு மனசு மாறுது, குணம் மாறுது எண்டெல்லாம் கதைப்பினம்" என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு முதல்ல மாறுறது இடது தோள். பிள்ளையைத் தூக்கித் தூக்கி அரை இஞ்ச் இறங்கிப் போகும். பிறகு பிள்ளை வளர்ந்து வெளிநாடு போனாலும் தோள் ஏறாது."

அவருடைய மகள் தயாளினி ஓவியம் படித்தவள். கையில் எட்டு மாதக் குழந்தை. போன மாதம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய மண்டபத்தில் கண்காட்சி வைத்தாள். 'தாய்மையும் மாறும் அடையாளமும்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. கீழே இருந்த விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டு தரமும் தோற்றுப்போனேன். "என்ன அடையாளமோ. இடுப்புத்தான் மாறினது" என்றார் அக்கா. அந்தக் கண்காட்சிக்குத்தான் மகள் பழைய கொப்பிகளைக் கேட்டாள். மூன்று கிழமை ஏலாது ஏலாது என்று நின்ற மனுசி, ஒருநாள் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு நிண்டவள். தோளைப் பார்த்தன், குடுத்திட்டன். பேர் ஒண்டும் இல்லைத்தானே."

பேர் இல்லைதான். துணி இருந்ததே! வாழ்நாளெல்லாம் துணியோடு கிடந்தவருக்கு அது நினைவில் வரவில்லை. மகளோ துண்டுகள் வடிவாக இருக்கின்றன என்று ஒன்றையும் கழற்றவில்லை. நாற்பது பக்கங்கள் சுவரில் தொங்கின. கடைசியில் வெறும் தாள் ஒன்று. அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது, அதையும் நான் வாசிக்கவில்லை.

முதல் நாள் வீதிப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சுலோஜனா டீச்சர் மயில்கழுத்துப் பச்சைச் சட்டையோடு வந்து, நேராக மயில்கழுத்துப் பச்சைத் துண்டுக்கு முன்னால் நின்றார். துண்டுக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது. அக்கா அவருக்குச் சொன்னது முப்பத்தாறு.

அதற்குப் பிறகு யார் கலையைப் பார்த்தார்கள்? தன் துண்டைத் தேடினார்கள், அது அகப்பட்டதும் அடுத்த வீட்டுக்காரியின் துண்டைத் தேடினார்கள். "ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகும் நான் முப்பத்திரெண்டு எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டனே அக்கா" என்று சப்ரினா தலையில் கைவைத்தாள். என் துண்டு ஜன்னலோரம் இருந்தது. அதற்கு முதுகைக் கொடுத்து நின்றவள், கடைசிவரை அசையவில்லை. இந்தப் பத்திரிகையிலும் அந்த அளவை எழுதுவதாக இல்லை.

தயாளினிக்கு முகம் வெளிறிவிட்டது. "கழட்டிறன் அம்மா" என்று குழந்தையோடு சுவருக்கு ஓடினாள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருந்தது. கடை அலுமாரியில் அதற்குத் தைக்க வந்த பத்தொன்பது சட்டைத் துணி வெட்டாமல் கிடந்தது. டீச்சர் தன் துணியைத் திருப்பிக் கேட்டால் மற்றப் பதினெட்டும் பின்னால் போய்விடும். அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. பயந்துதான் போனார், கழுத்தில் கிடந்த நாடாவைப் பிடித்துக்கொண்டார். நல்ல சாறி உடுத்து வந்தாலும் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"தொடாத மகள். அது உன்ர வேலை" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஓம் டீச்சர், பொய்தான் சொன்னனான். இருபத்தாறு வருசமாச் சொன்னனான். சட்டை எப்பவாவது இறுக்கினதோ?"

"சட்டை இல்லை இப்ப கதை" என்றார் டீச்சர். "எங்கட எல்லாற்ற அளவும் சுவரில கிடக்கு. உங்கட எங்க?"

எல்லோரும் தேடினோம். அக்காவின் பக்கம் எங்கேயும் இல்லை. கொப்பியிலும் இல்லையாம். தன் சட்டையைக் கண்மட்டத்தில் வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அக்கா நாடாவைக் கழற்றி டீச்சரின் கையில் வைத்தார். இரண்டு கையையும் தூக்கினார். இடது தோள் இறங்கியிருந்தது. டீச்சர் நாடாவைச் சுற்றி இழுத்தார், தன் கண்ணாடியை மூக்கில் இறக்கினார், "மூச்சைப் பிடிக்காதைங்கோ" என்றார். டீச்சர் எண்ணைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வகுப்பில் வரவு கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"முப்பத்தாறு."

சப்ரினாதான் முதலில் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து, நாடாவில் டீச்சரின் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். நாடாவை மார்பில் சுற்றியபடியே நடந்துபோய், சுவரின் கடைசியில் தொங்கிய வெறும் தாளில் நாற்பத்திரண்டு என்று எழுதினார்.