பச்சை டப்பா காணாமல் போகிற பாறை

எஸ்டேட்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை இருக்கிறது. யானை படுத்திருக்கிற மாதிரி என்று எழுத ஆசைதான். ஆனால் கூடலூர்ப் பக்கம் நிஜ யானையே வந்து படுத்துக்கொள்வதால் அப்படி எழுதினால் குழப்பம் வரும். சும்மா பாறை. கொழுந்து எடுக்கப் போகிற நாங்கள் தேத்தண்ணிப் போத்தலையும் சோத்து வாளியையும் அதன் நிழலில் வைப்போம். ஒரு நாள் காலையில் ஒரு ஆணும் பெண்ணும், மலையைப் பார்க்காமல், பனியைப் பார்க்காமல், உள்ளங்கையில் இருந்த ஒரு மஞ்சள் மெஷினையே பார்த்துக்கொண்டு நடந்து வந்து, அந்தப் பாறைக்கு முன்னால் மண்டி போட்டார்கள். கும்பிடவில்லை. இடுக்கில் கையை விட்டுத் துழாவி ஒரு பச்சை டப்பாவை எடுத்தார்கள். திறந்தார்கள், சிரித்தார்கள், என்னவோ எழுதினார்கள். பழையபடி உள்ளே வைத்துக் கல்லால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். சிலோனில் பதுளைப் பக்கம் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிற என் சனங்களே, என்னோடு கப்பலேறி இந்தக் கரையில் வந்து விழுந்தவர்களே, நீங்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் நினைத்ததையேதான்.

அது தேயிலைக்கு விலையே இல்லாமல் போன காலம். பேக்டரி பாதி நாள் ஓடவில்லை. கவ்வாத்து வெட்ட ஆள் விடாததால், இடுப்பளவில் நிற்கவேண்டிய செடியெல்லாம் மரமாக வளர்ந்துகொண்டிருந்தது. என் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு, என்னையும் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எஸ்டேட்டை விற்கப்போகிறார்கள், லயத்தைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று தினம் ஒரு பேச்சு. இந்த நேரம் பார்த்துத்தான் டப்பா வந்தது. பக்கத்துக் காம்பராவில் இருக்கிற செல்லம்மாவும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் அவள் வாந்தியெடுத்தாள், நான் சிரித்தேன், அதிலிருந்து சினேகம். இரண்டு பேருமாகப் போய்த் திறந்து பார்த்தோம். ஒரு சாவிச்சங்கிலி, தெரியாத நாட்டுக் காசு ஒன்று, பிளாஸ்டிக் தவளை, பென்சில், இங்கிலீஷில் கிறுக்கிய காகிதச் சுருள். வாட்ச்மேன் வர்கீஸைக் கேட்டோம். மலையாளத்தையும் தமிழையும் ஒரே சட்டியில் கிண்டிப் பேசுகிற நல்ல மனுஷன்.

"சர்வேக்காரன்மார் ஆக்கும் சேச்சி. கையில உள்ளது அளக்குற மெஷின். எஸ்டேட் விக்கப் போறதல்லே?"

அளக்க வருகிறவர்களை எனக்கு முன்பே பழக்கம். பதுளையில் எங்கள் தோட்டத்துக்கு அவர்கள் மூன்று காலில் நிற்கிற மெஷினோடு வந்தார்கள். மலையில் அங்கங்கே வெள்ளை பூசிய கட்டையை அடித்தார்கள். ஒரு கட்டை எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு நேர் முன்னால் விழுந்தது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர், பதுளைச் சந்தையில் வாங்கிய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, பெரிய அதிகாரி மாதிரி நடந்து போய் அந்தக் கட்டையைப் பிடுங்கி வந்தார். நான் அதை அடுப்பில் வைத்து ரொட்டி சுட்டேன். அரசாங்கக் கட்டை நன்றாகவே எரிந்தது. மறுவாரம் வேறு கட்டையோடு வந்தார்கள், கூடவே பொலிசும் வந்தது. பிறகு மலையைப் பங்கு போட்டார்கள், லயத்தைக் காலி பண்ணினார்கள், நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறினோம். அங்கே இருந்தவரைக்கும் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்து இறங்கினதும் சிலோன்காரர்கள் ஆனோம். கூடலூரில் கடை வைத்திருக்கிற கோயமுத்தூர்க்காரர் இன்றைக்கும் "ஏனுங்க சிலோன் அம்மிணி" என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுகிறார். நடுக்கடலில் இருந்த கொஞ்ச நேரம் நாங்கள் யாராக இருந்தோமோ, அதை யாரும் சொல்லவில்லை.

அதனால் டப்பாவை எடுத்து வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அடுத்து வந்தவர்கள் பாறையைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பொலிஸ் ஞாபகம் வந்தது. திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் லயத்தின் ஞாபகம். மறுபடி எடுத்தேன். டப்பா பாறையில் இருந்தால் வீடு போகும், வீட்டில் இருந்தால் பொலிஸ் வரும். இப்படி ஏறி இறங்கியதில் என் முழங்கால்தான் தேய்ந்தது. "ஏங்க்கா, அது என்ன குட்டி போட்ட பூனையா, எடம் மாத்திக்கிட்டே இருக்க?" என்று செல்லம்மா கேலி பண்ணினாள். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. கொண்டுபோய்த் துரை பங்களாவின் ரோஜாத் தொட்டிக்கு அடியில் வைத்தேன். அளக்கிறவர்கள் பங்களாவை அளந்து எடுத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன. ஆனால் அந்த மஞ்சள் மெஷின் பிடிவாதக்கார மெஷின். வருகிறவர்களையெல்லாம் பாறைக்கே கூட்டி வந்தது.

ஒரு நாள் தனியாக ஒரு பெண் வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நன்றாகத் தமிழ் பேசினாள். தேடித் தேடிச் சலித்துப்போய்ப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டி, இங்க ஒரு பச்சை டப்பா இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"எத்தன வீட்டுக்கு நோட்டீசு வரும்னு மொதல்ல நீ சொல்லு. அப்புறம் டப்பா."

"நோட்டீஸா? நாங்க நோட்டீஸ் எல்லாம் ஒட்ட மாட்டோம் பாட்டி. டப்பா மட்டும்தான்."

இப்படியே அவள் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்ல, என் தேத்தண்ணி முழுக்க அவள் குடித்து முடித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. விளையாட்டாம். ஒருத்தர் டப்பாவை ஒளித்து வைப்பாராம். அது எங்கே என்று ஆகாயத்தில் சுற்றுகிற சேட்டிலைட் சொல்லுமாம். முகம் தெரியாதவர்கள் வந்து கண்டுபிடித்துப் பெயர் எழுதிவிட்டுப் போவார்களாம். இந்த டப்பாவை ஒளித்தவளே இவள்தானாம். சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை என்று ஆட்கள் எழுதியதால் பார்க்க வந்தாளாம்.

"இந்தப் பாறை உலகத்துல எங்க இருக்குன்னு இந்த மெஷின் கரெக்டா சொல்லிடும் பாட்டி."

"கவர்மெண்டுக்கே நாங்க எங்க இருக்கோம்னு தெரியல. ஒன் மெஷினுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

பழியைக் குரங்கின் மேல் போட்டுவிட்டு, பங்களாவுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் தவளையைக் காட்டினாள். அது ஜெர்மனியில் கிளம்பியதாம், ஆஸ்திரேலியா போகவேண்டுமாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் டப்பா டப்பாவாகக் கடத்தி விடுவார்களாம். சிலோனுக்கும் போகுமா என்றேன். போகும் என்றாள். ஒரு சின்ன அட்டையில் இங்கிலீஷில் பதுளை என்று எழுதி, நூல் கோத்து, எதை அனுப்பணுமோ அதில் கட்டிவிடுங்கள் என்று என் கையில் கொடுத்தாள். டப்பாவைப் பழையபடி பாறை இடுக்கில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து என் வீட்டுக்காரரின் அந்தப் பழைய கோட்டை எடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரு தடவை பதுளையைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே முடிந்துபோன மனுஷன். கோட்டில் மூன்று பொத்தான் மிச்சம். ஒன்றை அறுத்து அட்டையில் கட்டி டப்பாவுக்குள் போட்டேன். போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது கூடலூர்ச் சந்தைக்குக்கூட என்னை விட்டுத் தனியாகப் போகாதவரை, முன்பின் தெரியாதவர்களோடு கடல் தாண்டி அனுப்புவதா? இரண்டு நாள் கழித்து, பாவம், ஆசைப்பட்டாரே என்று திரும்பவும் போட்டேன்.

எஸ்டேட்டை விற்கவில்லை. விலை போகாத தேயிலையை யார் வாங்குவார்? அங்கே எங்களைத் துரத்தவாவது ஆள் வந்தது. இங்கே துரத்தக்கூட யாரும் வரவில்லை. ஒவ்வொரு காம்பராவாகத் தானே பூட்டிக்கொண்டது. போன வாரம் செல்லம்மாவும் மூட்டை கட்டினாள்.

"இந்தத் தடவ யாரும் தொரத்தலக்கா. நாமளாத்தான் போறோம்."

"அதுதான்டி எனக்குப் பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏறுகிறபோது மட்டும், "வாந்தி வந்தா ஒன்ன நெனச்சுக்கிறேன்" என்றாள். மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன் என்கிறான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்று இரண்டு பேர் வந்தார்கள். டப்பாவைத் திறந்து நெடுநேரம் எதையோ கையில் வைத்துப் பார்த்தார்கள். பொத்தானாகவும் இருக்கலாம், தவளையாகவும் இருக்கலாம். இங்கிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு போய் டப்பாவை அப்படியே தூக்கி வந்துவிட்டேன். இப்போது என் மடியில்தான் இருக்கிறது. குலுக்கினால் சத்தம் கேட்கிறது, பொத்தான் சத்தமா, காசுச் சத்தமா என்று தெரியவில்லை. மூடியை இன்னும் திறக்கவில்லை. கீழே பாறைக்கு முன்னால் யாரோ மண்டி போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் தேடட்டும்.