மண் புகைந்த வாரம்

மரகதம் சித்திக்குச் சேற்றுப்புண் ஆறியதே இல்லை. சேரப்பணஞ்சேரி ஏரியை ஒட்டிய அவளுடைய பள்ளத்து நிலத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். காலங்காலமாய்க் கோரை முளைத்து, சாய்ந்து, மக்கி, மண்ணே கறுப்புப் பஞ்சாகிப்போன இடம். காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். நெல் அங்கே நிற்காமல் சாய்ந்தது. சித்தி சேப்பங்கிழங்கு போட்டாள். அது தண்ணீரிலேயே தழைத்தது. சித்தப்பா இறந்தபின் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பள்ளத்தால்தான்.

மகன் வசந்தகுமாருக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அம்மாவின் காலைப் பார்த்துச் சகிக்காமல் முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான். பூட்ஸ் சேற்றிலேயே தங்கிவிட்டது. கால் மட்டும் வெளியே வந்தது.

"தண்ணிய வடிச்சிட்டா செருப்பு போட்டுகினே வேலை செய்யலாம்மா."

"வடிச்சிட்டு? அப்பறம் சேம்பு உன் கம்பெனிலயா மொளைக்கும்? போடா."

சித்திரையில் வாலாஜாபாத்தில் இருக்கும் மகள் கலைமதிக்கு அம்மை போட்டது. சித்தி அங்கே போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வரமாட்டாள். வசந்தகுமாருக்கு அதுவே சமயம். ஜேசிபி வைத்து வாய்க்கால் வெட்டி, பள்ளத்துத் தண்ணீரை ஓடையில் இறக்கினான். அம்மா திரும்பும்போது காய்ந்த வரப்பில் நடப்பாள் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். சில நாளில் சேம்பு இலைகள் தொங்கின. கறுப்பு மண் வெடித்தது. கரையில் காய்ந்து கிடந்த கோரையைக் குவித்துக் கொளுத்தினான்.

மறுநாள், அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தென்காசிக்காரன் கொம்பையா ஓடிவந்தான். "அண்ணே, நீங்க வச்ச தீ நேத்தே அணைஞ்சிட்டுல்லா? பொறவு மண்ணு ஏன் புகையுது?"

குடம் குடமாய் ஊற்றினார்கள். இங்கே அணைந்தால் அங்கே புகைந்தது. காய்ந்துபோன கோரை மக்கு அடியில் எங்கேயோ கனன்றுகொண்டிருந்தது. வசந்தகுமார் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான்.

"சார், லீவு வேணும். நெலம் எரியுது."

"பயிரா?"

"இல்ல சார், மண்ணு."

"காலையிலயே ஏத்திகினியா?"

அடுத்த போன் அம்மாவுக்கு. அழுதான். "மொதல்ல வாய்க்கால அடைடா, வரேன்," என்றாள் அவள்.

அம்மை கண்ட வீட்டிலிருந்து வந்ததால் சித்தி வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக வயலுக்குப் போய்க் கரையில் நின்றாள். மண்மூட்டை போட்டு வாய்க்காலை அடைத்திருந்தார்கள். வாடகை எஞ்சின் ஏரித் தண்ணீரை இறைத்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஒரு மூலை ஆளுயரத்துக்கு உள்வாங்கியது. பாதிச் சேம்பு அதோடு போனது.

"எனுக்கும் தெரியாதுடா, மண்ணு எரியும்னு," என்றாள் சித்தி.

புகை அடங்கிய பிறகும் வசந்தகுமார் ஷிப்ட் முடிந்ததும் பள்ளத்தில் இறங்கி, பிழைத்த சேம்பின் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டான். கொம்பையா கரையில் நின்று, "அண்ணே, பூட்ஸு?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

வைகாசியில் வீடியோ காலில் சித்தியைப் பார்த்தேன். மழைச் செய்தி கேட்டு, பள்ளம் மூழ்கிவிடுமோ என்று வெளியூரிலிருந்து நான்தான் பதறினேன். அவள் போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேற்றுப்புண்ணுக்குத் தடவும் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். "தண்ணி நல்லா நிக்குதுபா, கவலப்படாத," என்றவள் உள்பக்கம் திரும்பினாள்.

"டேய் வசந்து, வெக்கப்படாம இப்பிடி வா. கால நீட்டு."