கோமதியின் கட்டுரையோடு தில்லிக்கு

1981 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை திருநெல்வேலி சந்திப்பில் ரயில் ஏறினேன். அங்கிருந்து எழும்பூர், பிறகு சென்ட்ரலிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ். ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், மூன்று இரவுகள். தாலுகா அலுவலகக் குமாஸ்தாவான எனக்குத் தில்லியில் எந்த வேலையும் கிடையாது. வேலை இருந்தது என் மனைவி கோமதிக்கு.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாள். அக்டோபரில் ஒரு காலை, வகுப்புக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் தில்லியிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சரித்திர மாநாட்டில் படிக்க அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் இல்லை என்று எழுதினேன். யாராவது வந்து படித்தால் நேரம் ஒதுக்கித் தருகிறோம் என்று பதில் வந்தது. கணவனாகிய நான் வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அந்தத் துணிச்சல் எப்படி வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு, ஜி.டி.யில் எதிர் இருக்கையில் ஆம்பூர்க்காரர் ஒருவர். உருது வாத்தியார், மகளின் பிரசவத்துக்காகத் தில்லி போகிறவர். நான் தட்டச்சுத் தாள்களை வாய்க்குள் முணுமுணுத்துப் பழகுவதைப் பார்த்துவிட்டு, "என்னாங்க, பரீட்சையா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். துருக்கி சுல்தான்களின் அரண்மனை, மந்திரிகள், பட்டங்கள் பற்றிய கட்டுரை; பாதி வார்த்தைகள் நாக்கில் நிற்கவில்லை. அவர் தாளை வாங்கி, பாஷா என்றால் பெரிய அதிகாரி, சதராசம் என்றால் பெரிய மந்திரி, தாமாத் என்றால் மாப்பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். "வஜீர்னா சும தூக்குறவன்னு சொல்லுவாங்க. ராஜா சுமய அவன் தூக்கணும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா ரொம்பப் படிச்சவங்க போல" என்றார். தலையசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டத்தில் வண்டி மூன்று மணி நேரம் தாமதம். காலை ஒன்பதரைக்குப் புது தில்லியில் இறங்கினேன். சரோஜினி நகருக்கு ஆட்டோ பதினோரு ரூபாய். ஓட்டுநர் "மதராசி?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். கோமதியின் தம்பி முருகேசன் மத்திய அரசு வேலையில் இருப்பவன், அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறான். வாசலிலேயே என் பெட்டியை வாங்கிக்கொண்டான். அழுதான். நானும்.

சாப்பிட்டபின் வெயிலுக்காக நாற்காலிகளை வெளியே போட்டு உட்கார்ந்தோம். எதிர் வீட்டுக் கம்பியில் கம்பளிகள் காய்ந்துகொண்டிருந்தன. முருகேசன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னைக்கே அனுப்பியிருக்கலாம்லா அத்தான்?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான மறுவருஷம், தில்லியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. இதே வீட்டில் அக்காவுக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தான். நான் கூடாது என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் அது மறந்துபோன விஷயம் என்று இருந்துவிட்டேன்.

"தப்புதான்" என்றேன். முருகேசன் உள்ளே போய், எனக்குக் குளிருமென்று ஒரு சால்வை கொண்டுவந்து கொடுத்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, வடக்கே பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம். பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். பதினொன்றரைக்கு எங்கள் முறை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அறையில், தாலுகா ஆபீஸ் ஆங்கிலத்தில் நான் படித்தேன்.

அந்த ராஜ்யத்தில் பெரிய மந்திரிக்கு மேல் சுல்தான் ஒருவர்தான். சுல்தானின் முத்திரை அவரிடம் இருக்கும். முத்திரையைத் திரும்பக் கேட்டு ஆள் வந்துவிட்டால் பதவி போயிற்று. பலருக்குச் சொத்தும் போயிற்று, சிலருக்கு உயிரும். எவ்வளவு உயர்ந்தாலும் அவர் சுல்தானின் அடிமைதான். இதெல்லாம் முதல் எட்டுப் பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் கோமதி வேறு இடத்துக்குப் போயிருந்தாள். சுல்தான் தன் மகளையோ சகோதரியையோ ஒரு பாஷாவுக்குக் கொடுத்தால், அவர் அரண்மனை மாப்பிள்ளை ஆவார். அதற்கு, முன்பே இருந்த மனைவியை அவர் விலக்கிவிட வேண்டும். கடைசி வரிகளை அவள் இப்படி எழுதியிருந்தாள்: "கல்யாணத்தின் கூடாரங்களையும் குதிரைகளையும் பரிசுகளையும் எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் மனைவி அன்று எங்கே போனாள் என்பதைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை."

ரயிலில் எத்தனையோ தடவை உச்சரித்துப் பார்த்த வரிகள்தான். அப்போதெல்லாம் உச்சரிப்பில்தான் கவனம். அந்த அறையில் நின்றபோதுதான் காதில் விழுந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

முன்வரிசையில் நரைத்த தலையுடன் ஒரு பேராசிரியை எழுந்தார். "இந்தப் பெண்களைப் பற்றி எழுத வேண்டுமென்று அவருக்கு எப்படித் தோன்றியது?"

"தெரியாது. நான் கேட்டதில்லை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மையாரே என்னைத் தேடி வந்தார். பன்னிரண்டு வருஷமாகக் கோமதி கல்லூரி முகவரியிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் புத்தகங்கள் அனுப்பியிருக்கிறார். இரவில் சமையலறை விளக்கில் அவள் எழுதியதையெல்லாம் நான் வகுப்புக் குறிப்புகள் என்று நினைத்திருந்தேன். "அப்போது ஆராய்ச்சிப் படிப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் ஒரு சிரமம், வர முடியவில்லை என்று எழுதினார். என்ன சிரமம் என்று கடைசிவரை சொல்லவில்லை" என்றார்.

முருகேசன் என் பக்கத்தில்தான் நின்றான். ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுரையின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு, அச்சில் வரும், உங்களுக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் படிக்கும் நூலகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரே அழைத்துப்போனார். நீண்ட மேசைகள், ஜன்னல் பக்கம் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்த பெண்கள். அரை மணி நேரம் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பனி விலகி மேசைமேல் வெயில் வந்தது. இங்கே அவள் நன்றாக இருந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை முருகேசன் ரயிலடிக்கு வந்தான். "அடிக்கடி வாங்க அத்தான்" என்றான். மனதாரச் சொன்னான் என்றுதான் பட்டது.

வண்டி நகர்ந்ததும் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து, யாருக்கும் படித்துக்காட்ட வேண்டிய அவசரமில்லாமல் படித்தேன். ஆக்ரா தாண்டுவதற்குள் அவளிடம் கேட்க நிறைய இருந்தது. முத்திரையைத் திருப்பிக் கொடுத்த மந்திரி அன்று இரவு எங்கே படுப்பான்? விலக்கிய மனைவியைப் பிறகு அவன் பார்க்க முடியுமா? பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் என் கட்டிலுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. பதின்மூன்று வருஷக் குடித்தனத்தில் ஒருநாள் எழுந்து போய், என்ன எழுதுகிறாய் என்று கேட்டிருந்தால், அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.