ஆல்ட்ரிக் உட்காரும் பள்ளம்

துனாபுனாவில் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்குப் புதுத்துணி இல்லாவிட்டாலும் சோபாவுக்குக் கட்டாயம் உண்டு. பழைய உறையோடு பண்டிகை கொண்டாடுகிற வீட்டைப் பற்றி ஈஸ்டர் வரை பேசுவார்கள். பேசட்டுமே என்று இருந்துவிடுகிற துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். எந்தப் பிள்ளைக்கு மீன் ஆகாது, எந்தப் பிள்ளை இன்னொரு கரண்டி கேட்க வெட்கப்படும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தலைமையாசிரியருக்கே பயப்படாதவள், ஒரே ஒருத்திக்கு மட்டும் பயப்படுவாள். அது கணவன் ஆல்ட்ரிக்கின் அக்கா குளோடில்.

குளோடில் தையல்காரி. ஒவ்வொரு டிசம்பரும் வந்து, எல்லாரையும் கூடத்திலிருந்து விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சோபாவுக்கு அளவெடுப்பாள். உறை அச்சாகப் பொருந்தும். அப்புறம் வருஷம் பூராவும் அதே பாட்டுதான். இந்தத் தடவை சர்ச் வாசலில், பத்துப் பெண்கள் நடுவில் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் இல்லேன்னா என் தம்பி வெறும் ஸ்பிரிங்மேலதான் உட்காரணும். இவளுக்கு ஊசில நூல் கோக்கத் தெரியுமான்னு கேளுங்க."

வெர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வருஷம் நானே தைக்கிறேன் அக்கா. நீங்க சும்மா வந்து உட்காருங்க, போதும்."

"அப்படியா அம்மாடி? பொருந்திச்சுன்னா கிறிஸ்துமஸ் பாத்திரம் மொத்தமும் நான் தேய்க்கிறேன். பொருந்தலேன்னா, இதே வாசல்ல நின்னு 'குளோடில் அக்கா கை தான் கை'ன்னு நீ சொல்லணும்."

பத்துப் பெண்களும் சாட்சி. இனிப் பின்வாங்க முடியாது.

சிவப்புச் செம்பருத்தி போட்ட பச்சைத் துணியை வெர்னா பார்த்துப் பார்த்து வாங்கினாள். பழைய உறையை உருவியதும் சோபாவின் லட்சணம் தெரிந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஆல்ட்ரிக், ரேடியோவில் கிரிக்கெட் கேட்டபடி வருஷக்கணக்காக இடது ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அங்கே ஒரு கழுதை படுக்கிற அளவுக்குப் பள்ளம். இடது கைப்பிடியும் அவன் சாய்ந்து சாய்ந்து வெளிப்பக்கம் விரிந்துவிட்டது. வலது பக்கம் கடையில் வாங்கின மேனிக்கு இருந்தது.

வெர்னா எல்லாரும் செய்கிற மாதிரி துணியின் உட்புறம் வெளியே தெரியும்படி போர்த்தி, பள்ளத்துக்கு இறக்கிவிட்டு, கைப்பிடிக்கு அகலம் விட்டு, வரிசையாகக் குண்டூசி குத்தினாள். மூன்று நாள் தைத்தாள். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் உறையை நல்ல பக்கம் திருப்பி மாட்டினால், பள்ளத்துக்கு விட்ட தொளதொளப்பு வலது பக்கத்தில் தொங்குகிறது! இடது கைப்பிடியில் பாதி தூரம்கூட ஏறவில்லை. கையுறையை உள்வெளியாகத் திருப்பினால் இடது கைக்கானது வலது கைக்கு ஆகிவிடும் அல்லவா, அதே கதை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற சோபாவில் இந்த வம்பே வராது.

"எல்லாம் உன்னாலதான்!" என்று புருஷனிடம் கத்தினாள்.

"நான் உட்கார்ந்துதானே இருந்தேன்?" என்றான் ஆல்ட்ரிக்.

"அதத்தான் சொல்றேன்!"

துணி மிச்சமில்லை, கடையும் அடைத்தாயிற்று. வெர்னா தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். சர்ச் வாசலில் தான் நிற்கப்போகிற கோலம் கண்முன் வந்தது. கோபத்தில் உறையைத் திரும்பவும் உள்வெளியாகப் புரட்டி, சோபாமேல் விட்டெறிந்தாள். அது பாட்டுக்குப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பின்னே, அப்படித்தானே அளவெடுத்தாள்? உட்புறத்தில் செம்பருத்தி வெளிறி, இளம் ரோஜா நிறத்தில் பனி மூடினாற்போல் இருந்தது. பார்க்கப் பார்க்கப் பிடித்தது. வெளியே துருத்திக்கொண்டிருந்த தையல் ஓரங்கள்தான் அசிங்கம். திரைச்சீலைக்கு வாங்கிய பொன்னிற நாடாவை எடுத்து, அவற்றை மடித்து மறைத்துப் பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தாள்.

மறுநாள் பூசை முடிந்து குளோடில் வந்தாள். சோபாவைச் சுற்றி வந்தாள், தடவினாள், வலது பக்கம் உட்கார்ந்தாள். பன்றித் தொடையையும் வாழையிலையில் கட்டி வேகவைத்த பஸ்டெல் கொழுக்கட்டையையும் கறுப்புக் கேக்கையும் ஒரு கை பார்த்தாள். பிறகு குனிந்து கீழ் விளிம்பைத் தூக்கினாள். உள்ளேயிருந்து சிவப்புச் செம்பருத்தி பல்லைக் காட்டியது. 

குளோடில் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடிப்பாவி! இந்தப் பள்ளம் விழுந்த முதல் வருஷம் நானும் இதே கூத்துதான் அடிச்சேன். இஸ்திரி போடணும்னு சொல்லி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, மொத்தத்தையும் பிரிச்சுத் தைச்சேன். அதுக்கப்புறம்தான் கதவைச் சாத்த ஆரம்பிச்சது."

"பொருந்துதா இல்லையா, அதச் சொல்லுங்க அக்கா."

"பொருந்துது," என்று சொல்லிவிட்டுக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வெர்னா துடைக்கும் துணியோடு பின்னாலேயே போனாள். நாலைந்து தட்டு ஆன பிறகு, முகத்தைத் திருப்பாமல் குளோடில் கேட்டாள். "அப்ப அடுத்த வருஷம் நான் வரவேண்டியதில்ல, அப்படித்தானே?"

இன்னொரு கரண்டி கேட்க வெட்கப்படும் பிள்ளையின் குரல் அது. வெர்னாவுக்கா தெரியாது? அவ்வளவு நாள் பயமும் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

"வராம எங்க போவீங்க? கதவ மட்டும் சாத்தாதீங்க. நானும் கத்துக்கணும்."

குளோடில் மூக்கை உறிஞ்சினாள். அடுத்த கணமே பழைய தொண்டை வந்துவிட்டது. "டேய் ஆல்ட்ரிக்! இன்னியிலேர்ந்து வலது பக்கம் உட்காரு. அதுவும் பள்ளமாகட்டும்!"

"ரேடியோ இந்தப் பக்கம்ல இருக்கு!"

"தூக்கிட்டுப் போ!" இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆல்ட்ரிக் முனகிக்கொண்டே எழுந்து, வலது ஓரத்தில் தொப்பென்று விழுந்தான். இருவரும் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். ஒரு நூல்கூட அறுகவில்லை.

"நல்ல தையல்," என்றாள் குளோடில்.