ஐஸ் வளையமும் அந்த நாற்காலியும்

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் திரவ நைட்ரஜன் நிரப்புவது என் வேலை. மணலை விடச் சின்னப் படிகங்களை அந்தக் கொடுங்குளிரில் உறையவைத்துத்தான் எங்கள் விஞ்ஞானி மேடம் எக்ஸ்ரே எடுப்பார். கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகப் படம் வரும். திரைக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. என்றைக்காவது என்னை அதில் உட்காரச் சொல்லமாட்டாரா என்று வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன்.

எனக்கு ஒத்தாசையாக அத்திபெலேயிலிருந்து புதிதாக ஒருத்தி வந்தாள். வந்த வாரமே மேடத்தோடு கன்னடமும் தமிழுமாகச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

மழைக்காலத்தில், படங்களில் புள்ளிகளின் மேலேயே கறுப்பு வளையங்கள் விழ ஆரம்பித்தன. "ஐஸ் சேந்துருக்கு," என்றார் மேடம். நைட்ரஜன் கேனை ஈரக்காற்று புகாமல் மூடினேனா? ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

அப்போதுதான் அவளைக் கண்டேன். திறந்த குடுவையில் மிச்சமிருந்த நைட்ரஜனை, பரிமாறி மீந்த குழம்பைச் சட்டியில் கொட்டுவதுபோல், பெரிய கேனிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். காற்றின் ஈரம் உறைந்து வெள்ளைத் துகளாக அதில் மிதந்தது.

"ஏய், என்னடி பண்ற?"

"சும்னே வேஸ்ட் ஆகுதில்லக்கா!"

நேராக மேடத்திடம் போய்ச் சொன்னேன். இன்றோடு ஒழிந்தாள் என்று உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

மேடம் அவளைக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன்.

"இங்க உக்காரு," என்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ ஊத்தினது என்ன பண்ணிருக்கு பாரு. வளையத்துக்கு அடியில மாட்டின புள்ளிய நம்ப முடியாது. அதெல்லாம் கழிச்சிட்டு, மீதிய வச்சுத்தான் கணக்கு போடணும்."

"அய்யோ, இவ்ளோ போச்சா மேடம்?"

"இனிமே மிச்சத்த திரும்ப ஊத்தாத. தினம் முதல் படம் வந்ததும் நீயே வந்து பாத்து, வளையம் இருக்கா இல்லையான்னு சொல்லு. ஒரு தடவ பட்டுட்ட, மறக்கமாட்ட."

கேனைக் காலிசெய்து, காயவைத்து, புதிதாக நிரப்பும் வேலை எனக்கு வந்தது.

இப்போது தினமும் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "அக்கா, மூடி சரியா போட்டீங்களா? ஸ்வல்ப செக் மாடி!" கொஞ்சம் பாருங்கள் என்று எனக்கே கன்னடத்தில் பாடம். மேடமும் சிரிக்கிறார். ஒரே ஒரு வளையம் விழட்டும், அவள் வாய் அடைத்துப்போகட்டும் என்று மனசு கிடந்து துடிக்கிறது. விழுந்தால், நிரப்பியவள் நான்தானே? எழுந்துபோய் மூடியை இன்னொரு தடவை அழுத்திவிட்டு வருகிறேன்.

"சுத்தமா இருக்கு மேடம்," என்கிறாள் அவள், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.